ஏழு நாள் அட்டை

செப். 21, ஞாயிறு

காற்றே இல்லை. மேகம் இருக்கிறது, மழை இல்லை. ராமேஸ்வரம் போய்வந்தோம். அய்யா, அம்மா, நான். சாமி கும்பிட அல்ல. கோயில் பக்கமே போகவில்லை.

போன மாதம் ராமநாதபுரம் ஜவுளிக்கடையில் பில் போடும் இடத்தில் ஒரு பெட்டி வைத்திருந்தார்கள். கூப்பன் எழுதிப் போட்டால் குலுக்கலில் பரிசு. அய்யா துணிப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் எழுதினேன். போன வாரம் அவர் போனுக்கு ஒரு பெண் கூப்பிட்டாள். பரிசு விழுந்திருக்கிறதாம். கணவன் மனைவி இரண்டு பேரும் ராமேஸ்வரத்தில் ஓர் ஓட்டலுக்கு நேரில் வந்து வாங்கிக்கொள்ள வேண்டுமாம், மதியச் சாப்பாடும் அவர்களே போடுவார்களாம். சாப்பாடுமா என்று அய்யா மூன்று தடவை கேட்டார்.

பாம்பன் பாலத்தில் அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். எப்போதும் அப்படித்தான். தங்கச்சிமடத்தில் பஸ் நின்றபோது ஜன்னல் வழியாகப் பூ வாங்கினாள். எனக்கு ஒரு கண்ணி, அவளுக்கு ஒரு கண்ணி.

ஓட்டலில் பெரிய ஹால். ஏசி. பாட்டு. மேசைக்கு ஒரு டை கட்டிய ஆள். எங்கள் மேசைக்கு வந்தவர் பிரகாஷ். அம்மாவை மேடம் என்றார். அம்மா திரும்பிப் பின்னால் பார்த்தாள்.

விற்பது என்ன என்று புரியவே அரை மணி நேரம் ஆனது. ஒரு மெம்பர் அட்டை. இருபத்தைந்து வருடத்துக்கு. கொடைக்கானல், மூணாறு, கோவா என்று அவர்களுக்கு எங்கெங்கோ விடுதி. வருடத்துக்கு ஏழு நாள் ஏதாவது ஒன்றில் குடும்பத்தோடு தங்கிக்கொள்ளலாம். வாடகை கிடையாது. அறைக்குள்ளேயே அடுப்பு, பாத்திரம் எல்லாம் உண்டு என்றார். அம்மா கேட்ட ஒரே கேள்வி:

"அங்கன போயும் நாந்தேன் பொங்கணுமா?"

யாராவது வாங்கினால் மைக்கில் பெயர் சொல்வார்கள். எல்லாரும் கைதட்ட வேண்டும். மூன்று பேருக்குத் தட்டினோம்.

பிரகாஷ் என் வயதைக் கேட்டார். பதினேழு, தை வந்தால் பதினெட்டு என்று அய்யா சொன்னார்.

"அப்ப பாப்பா பேரையும் சேர்த்துப் போட்டுருவோம் சார். கல்யாணத்துக்குச் சீரா குடுத்துரலாம். பீரோ கட்டில் எல்லாரும்தான் குடுக்குறாங்க. இத வச்சு வருஷா வருஷம் மருமகன் உங்கள நினைப்பாரு."

அய்யா சிரித்தார். சிரித்துவிட்டு அம்மாவைப் பார்த்தார். அம்மா மேசையைப் பார்த்தாள். இரண்டு பேரும் என்னைப் பார்க்கவில்லை. அப்போது தெரிந்துவிட்டது, எனக்குத் தெரியாமல் வீட்டில் ஏதோ பேசியிருக்கிறார்கள்.

பிறகு சாப்பாடு. பிறகு அய்யா ஏடிஎம் கார்டை எடுத்து நீட்டினார். முன்பணம் பத்தாயிரம். மீதி பத்து நாளில். மைக்கில் அய்யா பெயரைச் சொன்னார்கள். எல்லாரும் தட்டினார்கள். நானும் தட்டிவிட்டேன், தட்டித் தட்டிப் பழகிய வேகத்தில்.

பரிசு: சுவர்க்கடிகாரம். செல் போட்டு வரவில்லை.


செப். 22, திங்கள்

கெமிஸ்ட்ரி பரீட்சை. ஐந்து மார்க் கேள்வி ஒன்று விட்டேன். தெரியும், ஆனால் எழுதவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இதை எழுதுவது பழைய ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கங்களில். முன்பக்கம் புரட்டினால் உப்புப் பகுப்பாய்வு. யாரும் பின்னால் பார்க்க மாட்டார்கள்.

மீதிப் பணம் எது என்று எனக்குத் தெரியும். ரோட்டோரம் கருவேலங்காடாகக் கிடந்த நிலத்தை சோலார்காரர்களுக்குக் கொடுத்த பணம். அது வந்த அன்று டீக்கடையில் அய்யா, "இது பிள்ள நர்சிங் படிப்புக்கு" என்றாராம். என்னிடம் சொல்லவில்லை. கேட்டவர்கள் வந்து சொன்னார்கள். நானும் தெரியாததுபோல் இருந்துகொண்டேன். சொல்லிக் காட்டினால் கலைந்துவிடும் என்று ஒரு பயம்.

அந்தப் பணம் அட்டைக்குப் போனால் நர்சிங் இல்லை. நர்சிங் இல்லை என்றால் தையில் கல்யாணம். யாரோடு என்று அம்மா இன்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள். அத்தை மகன். பெயரை முழுதாக எழுத மாட்டேன். ச. திருப்பூரில் பனியன் கம்பெனி. கெட்டவர் என்று சொல்ல ஒன்றும் இல்லை. போன முளைக்கொட்டுத் திருவிழாவில் எனக்கு ஐஸ் வாங்கிக் கொடுத்துவிட்டு, நான் தின்று முடிக்கும் வரை ஒரு வார்த்தை பேசாமல் பக்கத்தில் நின்றார். அவ்வளவுதான் அவரைப் பற்றித் தெரியும்.

சாயங்காலம் மாட்டுக்குத் தண்ணீர் வைக்கும்போது காதில் விழுந்தது. யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்து வந்திருக்கலாமே என்று அம்மா கேட்டாள். அய்யா குரலே உயரவில்லை.

"கை நனைச்சிட்டு, அப்பறம் எப்புடி யோசிச்சுச் சொல்றோம்ங்கிறது?"

எங்கள் பக்கம் பெண் பார்க்கப் போகிற வீட்டில் பேச்சு முடியும் முன் சோற்றில் கை வைக்க மாட்டார்கள். காப்பி வரை சரி. இலையில் உட்கார்ந்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். நிலம் பேசப் போனாலும் மாடு பேசப் போனாலும் அதே வழக்கம். சித்தப்பாவுக்குப் பெண் பார்த்த அன்று பதினோரு பேர் பட்டினியாகத் திரும்பி வந்து தொண்டி பஸ் ஸ்டாண்டில் புரோட்டா தின்றோம்.

நேற்று தட்டைக் கையில் எடுக்கும்போதே அம்மா, "ஏங்க, பேச்சு முடியலையே" என்று மெதுவாகச் சொன்னாள். பிரகாஷ் பக்கத்திலேயே நின்று, கூச்சப்படாதீங்க மேடம் என்றார். மூன்று தடவை கூப்பிட்டார். மூன்று தடவை கூப்பிட்ட பிறகும் மறுத்தால் அவமரியாதை. அய்யா உட்கார்ந்தார். கோழி, மீன், இரண்டு வகைச் சோறு, ஐஸ்கிரீம். முதல் வாய் வைத்ததும் அவர் முகம் மாறிவிட்டது. முடிவெடுத்த முகம். பிரகாஷுக்கு அது தெரியாது. அவருக்கு அது வெறும் மதியச் சாப்பாடு.

இன்னொன்று. எழுதாமல் தூங்க முடியாது. கூப்பனில் தொழில் என்று இருந்த கட்டத்தில் நான் பிசினஸ் என்று எழுதினேன். சொந்தக் கார் உண்டா என்ற இடத்தில் டிக் போட்டேன். அதைப் பார்த்துத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். யாருக்கும் தெரியாது.


செப். 24, புதன்

வெயில். விதை போட்டுப் பத்து நாள் ஆகிறது. புழுதியில் நெல் அப்படியே கிடக்கிறது, மழை விழுந்தால்தான் முளைக்கும். அதுவரை மயில் வந்து பொறுக்கும். அய்யா காலையும் மாலையும் தகர டப்பாவோடு வயலில்.

மீன்காரம்மா திருப்பாலைக்குடியிலிருந்து இன்றும் வரவில்லை. ரசம்.

திருவாடானை அத்தை வந்தாள். அய்யாவுக்கு மூத்தவள், ச.வின் அம்மா. பஸ் விட்டு இறங்கி நடந்து வரும்போதே பேச ஆரம்பித்துவிட்டாள். அட்டை சமாச்சாரம் எப்படியோ அவள் காதுக்குப் போயிருக்கிறது.

"ஏலே, ரேசனுக்கு ஒரு அட்டை, ஆதாருக்கு ஒரு அட்டை, இப்ப சீருக்கும் அட்டையாலே?"

அய்யா நிதானமாகச் சொன்னார். வருடத்துக்கு ஏழு நாள் தங்கலாம், பிள்ளைகள் சந்தோஷமாக இருக்கும் என்று.

"ஏழு நாளு வெளிய தங்குறதுக்கு எங்க வீட்டுல என்ன, எடமா இல்ல?"

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அத்தை சிரிக்கவில்லை. பையனுக்கு வண்டி கிடையாது, ஒரு வண்டியும் பத்துப் பவுனும் என்றால் நாலு பேர் கண்ணுக்குத் தெரியும், கொடைக்கானலில் தங்கியதை எவன் பார்த்தான் என்றாள். என் முன்னால்தான் சொன்னாள். நான் சொம்போடு நின்றேன்.

"இன்னும் நம்ம பேசவே இல்லையே மதினி" என்றாள் அம்மா.

"பேசுறதுக்கு என்னத்தா இருக்கு? ஒரே குடும்பம்."

அத்தை வந்தால் எப்போதும் நேராக அடுப்படிக்குப் போய்த் தானே போட்டுச் சாப்பிடுவாள். இன்று அம்மா தட்டு வைத்தபோது உட்காரவில்லை. "இருக்கட்டும். பேச்சு முடியட்டும், அப்பறம் வந்து கை நனைக்கிறேன்." தண்ணீர் மட்டும் குடித்தாள். நான் கொண்டுபோன சொம்பில்தான்.

இத்தனை வருடம் அத்தையாக வந்தவள் இன்று மாப்பிள்ளை வீட்டு ஆளாக வந்துவிட்டுப் போயிருக்கிறாள்.

அவளுக்கும் அட்டை வேண்டாம். எனக்கும் வேண்டாம். ஆனாலும் ஒரே பக்கம் இல்லை. வாங்கினால் பணம் அட்டையாகப் போகும். வாங்காவிட்டால் வண்டியாகவும் பவுனாகவும் போகும். மூன்றாவதாக ஒன்று உண்டென்று யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. சொம்பைக் கழுவி வைத்தேன்.


செப். 25, வியாழன்

பரீட்சை முடிந்தது. லீவு. எல்லாரும் கத்திக்கொண்டு ஓடினார்கள், நானும் ஓடினேன்.

அம்மா குளிக்கப் போன நேரத்தில் போனில் தேடிப் பார்த்தேன். இந்த மாதிரி அட்டை வாங்கியவர்கள் எழுதியிருப்பதை. படித்துவிட்டு அழித்துவிட்டேன்.

வாங்கலாம் என்பதற்கு:
– சில பேர் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். பிள்ளைகளோடு படம் போட்டிருக்கிறார்கள். பொய் மாதிரி தெரியவில்லை.
– வருடம் தவறாமல் போகிறவர்களுக்கு லாபமாம்.
– அம்மா இதுவரை வெளியூரில் தங்கியதே இல்லை. ரா.புரம் பெரியாஸ்பத்திரியில் தங்கியது தவிர.

வேண்டாம் என்பதற்கு:
– போனாலும் போகாவிட்டாலும் வருடா வருடம் பராமரிப்புக்குக் கட்ட வேண்டும். அது ஏறிக்கொண்டே போகும்.
– கேட்ட தேதியில் இடம் கிடைக்காது.
– பஸ், ரயில் செலவு நம்முடையது.
– திருப்பி விற்க முடியாது. வாங்க ஆள் இல்லை.
– நான்.

கடைசியை அடிக்கலாமா என்று பார்த்தேன். அடிக்கவில்லை.


செப். 27, சனி

காலையில் நாலு தூறல். புழுதி வாசம் மட்டும் வந்தது.

மத்தியானம் அய்யா ஓட்டலில் கொடுத்த பைலை எடுத்து வந்தார். இருபத்திரண்டு பக்கம், எல்லாம் இங்கிலீஷ். "ஆத்தா, இத வாசிச்சுச் சொல்லு. ஒண்ணும் விடாம." அம்மா பக்கத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

இல்லாத ஒரு விதியைச் சேர்த்துச் சொல்லிவிடலாம் என்று நேற்றே யோசித்து வைத்திருந்தேன். அட்டையைச் சீராகக் கொடுக்கக் கூடாது என்று போட்டிருக்கிறது, அப்படி ஏதாவது. வாயில் வரவில்லை. உள்ளதை உள்ளபடி வாசித்தேன்.

இரண்டாம் பக்கத்தில் இணை உறுப்பினர் என்று என் பெயர். அதற்குக் கீழே கணவர் பெயர் என்று ஒரு கோடு, காலியாக. அந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன்.

பராமரிப்புத் தொகை. அய்யா தலையாட்டினார். இடம் இருந்தால்தான் தருவார்கள். தலையாட்டினார். பிறகு அட்டையின் நிறம். எங்களுக்கு நீலம், விலை குறைந்தது. நீல அட்டைக்கு எந்தெந்த மாதம் போகலாம் என்று ஒரு பட்டியல். ஜூலை பாதியிலிருந்து டிசம்பர் பாதி வரை. அதிலும் பூஜை லீவும் தீபாவளியும் கிடையாது.

அய்யா விரல் மடக்கினார். ஆடியில் உழவு. ஆவணி கடைசியில் விதைப்பு. ஐப்பசியில் களை. கார்த்திகையில் மிளகாய் நாற்று நடவு.

"சித்திரை வைகாசில போக முடியாதா? அப்பத்தான நம்ம சும்மா இருப்போம்."

அது சிவப்பு அட்டை, ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை என்றேன்.

"வெள்ளாமைக்காரன்னு தெரிஞ்சுமா இந்த மாசத்த எந்தலையில கட்டுனான்? மூஞ்சியப் பாத்தா தெரியாது? மொதப் பக்கத்துல என்ன போட்டுருக்கு, வாசி."

வாசித்தேன். தொழில் பிசினஸ். சொந்தக் கார் உண்டு.

"இது யாரு சொன்னது?"

அம்மா பூண்டை உரிப்பதை நிறுத்திவிட்டாள். நான்தான் அய்யா, கூப்பனில் எழுதினேன் என்றேன்.

அடிப்பார் என்று நினைத்தேன். அவர் என்னை அடித்ததே இல்லை, ஆனாலும் நினைத்தேன். தாளைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார்.

"விவசாயம்னு எழுதக் கூச்சமா இருந்துச்சா ஆத்தா?"

நான் தாள்களை அடுக்கினேன். அய்யா டப்பாவை எடுத்துக்கொண்டு மயில் விரட்டப் போய்விட்டார்.

இங்கேயாவது எழுதுகிறேன். ஆமாம். எழுதிய கூப்பனை வாங்கிக்கொள்ள நின்ற கடைப் பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். லிப்ஸ்டிக் போட்டிருந்தாள். நான் எழுதுவதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னால் அய்யா, வேட்டியில் மண் கறையோடு.

பத்தொன்பதாம் பக்கத்தில் இருப்பதை அவர் போன பிறகு அம்மாவிடம் சொன்னேன். பத்து நாளுக்குள் எழுதிக் கொடுத்தால் விலகிக்கொள்ளலாம், முன்பணமும் திரும்ப வரும். பத்தாவது நாள் புதன்கிழமை. அன்று ஆயுத பூஜை, ஆபீஸ் இருக்காது. அம்மா தலை நிமிராமல், "அப்ப செவ்வாய்க்கெழம" என்றாள்.


செப். 28, ஞாயிறு

அய்யா என்னிடம் பேசவில்லை. கோபம் மாதிரியும் இல்லை. சோறு போட்டால் சாப்பிடுகிறார். தண்ணீர் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறார். முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

துணி துவைத்தேன். கடிகாரத்துக்குச் செல் போட்டேன். ஓடுகிறது.

அம்மா பேச்சை எடுத்தாள். நம் மாதத்துக்கு ஒத்துவராத அட்டை நமக்கு எதற்கு என்றாள். அது தனக்கும் தெரிகிறது, ஆனால் அவர்கள் சோற்றைத் தின்றுவிட்டு எந்த முகத்தோடு போய் வேண்டாம் என்பது என்றார் அய்யா. பணம் போனாலும் பரவாயில்லை, சோற்றைத் தின்றுவிட்டு ஏமாற்றினான் என்று பேர் வரக் கூடாது. அவர்களுக்கு அப்படியெல்லாம் இல்லை, தினமும் நூறு பேருக்குப் போடுகிறார்கள் என்று நான் சொல்ல வந்தேன். அம்மா கண்ணால் நிறுத்தினாள்.

"சோத்துக்குச் சோறு குடுத்துருவோம். மூணு பேரு தின்னோம். ஒரு பை அரிசியும் அஞ்சு கிலோ வத்தலும் கொண்டு போயி வச்சிட்டு, அப்பறம் பேசுங்க. அப்ப அவுக சோறு நம்ம வயித்துல இல்ல."

அய்யா யோசித்தார். பிறகு எழுந்து போய் மிளகாய் வற்றல் மூட்டையை அவிழ்த்தார். விலைக்கு வைத்திருந்த நல்ல குண்டு வற்றல். காம்பு இல்லாததாகப் பொறுக்கி எடுத்தார். நானும் உட்கார்ந்து பொறுக்கினேன். இரண்டு பேரும் தும்மினோம். அப்போதும் பேசவில்லை.


செப். 30, செவ்வாய்

காலை ஏழு மணி பஸ். காலடியில் அரிசிப் பை, என் மடியில் வற்றல் பை. பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் இருமிக்கொண்டே வந்தார்கள். அக்காள்மடத்தில் ஒரு அம்மா எழுந்து, "வத்தலக் கட்டி ஏத்தப்படாதா?" என்று திட்டிவிட்டு முன்னால் போய் நின்றாள்.

இன்று ஹாலில் ஆட்கள் இல்லை. நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். பிரகாஷ் டை இல்லாமல் வந்தார். அய்யா முதலில் இரண்டு பையையும் மேசையில் வைத்தார்.

"சார், இதெல்லாம் எதுக்கு சார்?"

"அன்னைக்குச் சாப்பிட்டோம்ல. அதுக்கு."

அவருக்குப் புரியவில்லை. அய்யா விளக்கவும் இல்லை. பைகள் அந்தப் பக்கம் நகர்ந்து பிரகாஷ் கை அவற்றின்மேல் பட்டதைப் பார்த்த பிறகுதான் அய்யா உட்கார்ந்தார். நான் எழுதிய கடிதத்தைக் கொடுத்தார். பிரகாஷ் படித்துவிட்டு வேறொருவரைக் கூட்டிவந்தார். இரண்டு வருடத்துக்குப் பராமரிப்பு வேண்டாம் என்றார்கள். சிவப்பு அட்டையை விலை குறைத்துத் தருகிறோம் என்றார்கள். பிசினஸ்மேன் சார் நீங்க, இதெல்லாம் யோசிக்கலாமா என்றார் வந்தவர்.

"நான் பிசினசு இல்ல தம்பி. வெள்ளாமைக்காரன். கூப்பன்ல தப்பா எழுதிப்போச்சு."

யார் எழுதியது என்று சொல்லவில்லை.

ஒரு பாரம் கொடுத்தார்கள். விலகுவதற்கான காரணம் என்று நாலு கட்டம். பண நெருக்கடி. உடல்நிலை. சேவையில் திருப்தி இல்லை. மற்றவை. எதில் டிக் போட என்று கேட்டேன். மூன்று நாளுக்குப் பிறகு அய்யா என் முகத்தைப் பார்த்தார்.

"மத்ததுல போடு."

அதில் காரணத்தை எழுத வேண்டும் என்றேன். அய்யா அம்மாவைப் பார்த்தார். அம்மா இந்தத் தடவை மேசையைப் பார்க்கவில்லை.

"மக படிப்புக்குப் பணம் வேணும்னு எழுது."

எழுதினேன். இங்கிலீஷில்தான். ஒன்றுமே இல்லாததுபோல் இருந்தது, பரீட்சையில் பெயர் எழுதுவதுபோல.

"என்ன எழுதிருக்க, வாசி."

தமிழில் வாசித்தேன். அய்யா பேனாவை வாங்கி அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டார். அம்மா போட்டாள். பிரகாஷ் முத்திரை குத்தி நகல் எடுத்துக் கொடுத்தார். முன்பணம் வர ஒன்றரை மாதம் ஆகுமாம்.

சாப்பிட்டுப் போங்க சார் என்றார். மூன்று பேரும் ஒரே நேரத்தில் வேண்டாம் என்றோம்.

பஸ்ஸில் மண்டபம் தாண்டும்போது அத்தை போன் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை மாமாவும் பங்காளிகள் மூன்று பேருமாக வருகிறார்களாம், சாப்பாடு நம் வீட்டில்தானாம், பேசி முடித்துக் கை நனைத்துவிட்டுத்தான் போவார்களாம். அம்மா சரி மதினி, சரி மதினி என்றாள். வைத்துவிட்டு அய்யாவிடம் சொன்னாள். அய்யா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

படிப்பு என்று சொன்னது நிஜமாகவா, அந்த ஆளிடம் சொல்ல ஒரு காரணம் வேண்டும் என்பதற்காகவா? கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். வழியெல்லாம் பக்கத்தில்தான் இருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் நகலை நீட்டினேன். வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துத் தன் கையெழுத்தைப் பார்த்தார். திரும்ப என்னிடமே கொடுத்தார். "பத்திரமா வையி" என்றார். எதற்கு என்று சொல்லவில்லை.

இந்த நோட்டுக்குள்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை, இலை போடும் முன்னால் அத்தை கையில் கொடுப்பேன். அத்தைக்கு இங்கிலீஷ் தெரியாது. நான்தான் வாசிக்க வேண்டும்.